பவுனேய் ஊராட்சிக்கு ஒரு மடல்: உங்கள் கல் ஒன்று எங்கள் சாமி அலமாரியில் இருந்தது

இத்தாலி, சார்தீனியா தீவு, ஒல்யாஸ்த்ரா வட்டாரம், பவுனேய் ஊராட்சித் தலைவருக்கும் மன்றத்தாருக்கும் வணக்கம்.

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கலா கொலோரிட்சே கடற்கரையிலிருந்து ஒரு கூழாங்கல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. வெள்ளைக் கல். பெரிய நெல்லிக்காய் அளவு. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 61 கிராம். இந்த வருடம் ஜூன் மாதம் எடுத்தது. எடுத்தவருக்கு வயது 8, வாங்கி வைத்துக்கொண்டவருக்கு வயது 67, இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தவன் நான். சார்தீனியாவின் 2017-ஆம் வருடச் சட்டப்படி கடற்கரையிலிருந்து மணலோ கல்லோ சிப்பியோ எடுத்துப் போனால் 500 முதல் 3000 யூரோ வரை அபராதம். அது தெரிந்துதான் எழுதுகிறேன். கேட்பதற்கும் சில விஷயங்கள் இருக்கின்றன. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கோரிக்கை வைப்பது அவ்வளவு நன்றாக இருக்காது, அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

கல்லோடு உங்கள் அலுவலகத்துக்கு இத்தாலிய மொழியில் ஒரு பக்கக் கடிதம் தனியாக வரும். என் இத்தாலிய மொழி ஒரு பக்கத்துக்குத்தான் தாங்கும். மனசில் இருப்பதை முழுதாகச் சொல்லத் தமிழ்தான் கைகொடுக்கிறது. இதை இங்கே படிக்கிறவர்களில் நாலு பேராவது அடுத்த கோடையில் உங்கள் மலையில் இறங்கத்தான் போகிறார்கள், அவர்கள் காதிலும் விழட்டும்.

நாங்கள் இருப்பது வடக்கு இத்தாலியில், தோரினோவில். அம்மா ஊரிலிருந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருந்தார். ஜெனோவாவில் இரவுக் கப்பல் ஏறி ஓல்பியாவில் இறங்கி, மலைச் சாலையில் வளைந்து வளைந்து பவுனேய்க்கு வந்தோம். அம்மாவுக்கு மூட்டு வலி. கீழே இறங்க முடியாது என்பது புறப்படும்போதே தெரியும். ‘நான் மேலேயே உட்கார்ந்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க’ என்று கப்பலிலேயே சொல்லிவிட்டார். அப்புறம் கேட்டார்:

‘அங்க கீழ என்ன இருக்கு?’

‘கல்லுதாம்மா. வெள்ளைக் கல்லு. தண்ணி நல்லா இருக்கும்.’

‘கல்லைப் பாக்கவா கப்பல் ஏறி வந்தீங்க?’

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கோல்கோ மேட்டுநிலத்தில் சான் பியத்ரோ கோயில் பக்கம், பழைய காட்டு ஒலிவ மரங்களின் நிழலில் அம்மாவையும் மனைவியையும் உட்கார வைத்தோம். சுற்றிலும் கழுதைகள். ஒரு பன்றி குட்டிகளோடு காரின் நிழலில் படுத்திருந்தது. கோயிலுக்கு முன்னால் நிற்கிறதே அந்தக் கல், மனித முகம் செதுக்கியது, தேவாலயம் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னால் உங்கள் முன்னோர் நட்டது, அதன் எதிரே அம்மா கொஞ்ச நேரம் நின்றார். ‘இவங்களும் கல்லுக்குக் கண்ணு மூக்கு வச்சிருக்காங்க’ என்றார். கையெடுத்துக் கும்பிட்டாரா என்று கவனிக்கவில்லை. கும்பிட்டிருப்பார்.

நானும் மகளும் பாதை தொடங்கும் சு போர்த்தெட்டுவில் முன்பதிவைக் காட்டிவிட்டு நடக்கத் தொடங்கினோம். இந்த இடப்பெயரைப் பற்றி ஒரு சின்ன விஷயம். வடக்கே தோரினோவில் என் சக ஊழியர்களுக்கு என் பெயரில் உள்ள டகரம் வாயில் நுழைவதே இல்லை, பதினோரு வருடமாக முயல்கிறார்கள். உங்கள் ஊரில் சீட்டைச் சரிபார்த்த இளைஞர் முதல் தடவையே சரியாகச் சொன்னார். சார்தீனிய மொழியில் நாக்கை மடித்துச் சொல்லும் ஓர் ஒலி இருக்கிறதாமே. போர்த்தெட்டு என்று அவர் சொன்னபோது ஏதோ செட்டிநாட்டுப் பக்கத்து ஊர்ப்பெயர் மாதிரி இருந்தது.

கீழே இறங்க மூன்றரை கிலோமீட்டர். உயரக் கணக்கில் 450 மீட்டருக்கு மேல் இறக்கம். பாதை என்று சொல்வதைவிட, தண்ணீர் இல்லாத ஓடையில் கல் பொறுக்கிப் போட்ட மாதிரி என்று சொல்லலாம். கால் வைக்குமிடத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும், பராக்குப் பார்க்க வேண்டுமென்றால் நின்றுதான் பார்க்க வேண்டும். வழியில் ஜூனிப்பர் மரத்தண்டுகளைச் சாய்த்துக் கூம்பாகக் கட்டிய ஆட்டுக் கிடை ஒன்று. பாறைக்கு முதுகைக் கொடுத்து நிற்கிறது. இன்னும் கீழே, ஓக் மரங்களுக்கு நடுவே தரை வட்டமாகச் சமதளமாக இருந்த இடங்களில் மண் கறுத்திருந்தது. கரிமூட்டம் போட்ட இடங்கள். தொஸ்கானாவிலிருந்து கரி சுடுகிறவர்கள் வந்து, இந்த மலையில் ஓக் மரத்தை அடுக்கி, மேலே மண் மூடி, நாள்கணக்கில் புகைய விட்டு, கரியைக் கடல் வழியாக ஏற்றிப் போயிருக்கிறார்கள். ராமநாதபுரத்தில் கருவேல விறகை மூட்டம் போடுவார்களே, அதே வேலை. ஆளில்லாத சொர்க்கம் என்று படம் போட்டு எழுதுகிறார்கள் அல்லவா, அந்த இடத்தில் ஒரு காலத்தில் புகை மண்டிக் கிடந்திருக்கிறது. ஆட்டுக்காரரும் கரிக்காரரும் போட்ட தடத்தில்தான் இப்போது நாங்கள் காலணி கட்டி இறங்குகிறோம்.

திரும்பும் ஒரு வளைவில் அந்த ஊசிப்பாறை வந்தது. அகூலியா. 140 மீட்டருக்கு மேல் தனியாக நட்டமாக நிற்கிற சுண்ணாம்புக் கல். அதில் இரண்டு பேர் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள், எறும்பு மாதிரி. மகள் அண்ணாந்து பார்த்தபடியே, ‘அவங்களுக்கு டிக்கெட் இருக்காப்பா?’ என்றாள்.

அதற்கும் கீழே கடல்.

தண்ணீரின் நிறத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதைப் படம் எடுத்துப் போட உலகமே இருக்கிறது. எனக்கு நினைவில் நிற்பது வேறு. முழங்கால் ஆழத்தில் நின்றிருந்தபோது ஒரு பக்கம் வெதுவெதுப்பு, ஓர் அடி தள்ளினால் சுரீரென்று குளிர். மலைக்குள் இறங்கிய மழைநீர் பாறை இடுக்குகள் வழியாக வந்து கடலுக்கு அடியில் ஊற்றாகக் கிளம்புகிறது. முகக்கண்ணாடி போட்டுக் குனிந்து பார்த்தால், நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில் தண்ணீரே நெளிகிறது, சர்பத்தில் சர்க்கரை கரையும்போது கண்ணாடித் தம்ளரில் தெரியுமே அந்த நெளிவு. அந்த நெளிவுக்குள் ஒரு மீன் நுழைந்தால் கலங்கி மங்கலாகி, அந்தப் பக்கம் தெளிவாக வெளியே வருகிறது. மகள் முக்கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு நீலமான பிறகுதான் கரைக்கு இழுத்து வந்தேன்.

கரை என்றால் கூழாங்கல் கரை. விளிம்பில் பொடிக்கல், மேலே போகப்போகப் பெரியது, அதற்கும் மேலே வீடு வீடாகப் பாறைகள். இந்தக் கரை இந்த வடிவத்தில் இருப்பதற்குக் காரணம் 1962-இல் நடந்த பாறைச் சரிவு என்று படித்திருந்தேன். மலையின் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது, விழுந்ததைக் கடல் உருட்ட ஆரம்பித்தது. அம்மா பிறந்தது 1958. அப்படியென்றால் இந்தக் கடற்கரை அம்மாவைவிட நாலு வயது இளையது! ஆதிகாலத்திலிருந்து அப்படியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய் நின்ற எனக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

அதே 1962-இல்தான் உங்கள் தீவின் வடகிழக்கில் ஆகா கான் இளவரசர் கூட்டாளிகளைச் சேர்த்துக் கோஸ்தா ஸ்மெரால்தா கூட்டமைப்பைத் தொடங்கினார். மாளிகை விடுதிகள், உல்லாசப் படகுத் துறை, கோல்ஃப் மைதானம் என்று அந்தக் கரை ஒரு வழியில் போனது. உங்கள் ஊர்க் கரையில் அந்த வருடம் மலைதான் சரிந்தது. பவுனேயின் கடற்கரை நீளம் 40 கிலோமீட்டர் அளவுக்கு வருகிறது, கரையோரமாகப் போகும் கார்ச் சாலை அதில் இல்லை. பாறை அவ்வளவு செங்குத்து. ஆனால் பாறை மட்டுமே காப்பாற்றியது என்று நான் நம்பவில்லை. செங்குத்துப் பாறையைக் குடைந்து சாலை போட்ட ஊர்கள் இந்த நாட்டில் நிறைய இருக்கின்றன. பெரும்பகுதி நிலம் ஊருக்குப் பொதுவாக இருந்திருக்கிறது, ஆட்டுக்காரர்கள் மேய்த்திருக்கிறார்கள், விற்கவில்லை.

1998-இல் ரோமிலிருந்து கென்னார்ஜெந்து மலைக்கும் ஒரொசேய் வளைகுடாவுக்கும் சேர்த்து ஒரு தேசியப் பூங்காவை அறிவித்தார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். அது காகிதத்தோடு நின்றுபோனது. இயற்கைக்கு விரோதிகள் என்றுகூட உங்களைச் சிலர் திட்டியிருப்பார்கள். ஆனால் ஒரு நாளைக்கு 250 பேர்தான் என்று கொலோரிட்சேவுக்குக் கதவு போட்டது அந்த ஊரின் ஊராட்சிதான். வெளியூர்க்காரன் நான் இதில் தீர்ப்பு சொல்லக் கூடாது. இருந்தாலும், மேலிருந்து வந்த பூங்காவை வேண்டாம் என்றவர்களே தங்கள் கையால் எண்ணிக்கை வைத்தார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வேலி போட்டவனுக்குத்தான் எந்த முள் எங்கே என்று தெரியும்.

இனி கல் விஷயம்.

ஏறி வருவது இறங்கியது போல இல்லை. மூன்று லிட்டர் தண்ணீரும் பாதி வழியில் தீர்ந்துவிட்டது. கீழே கடை இல்லை, குழாய் இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும், அதைக் குறையாகச் சொல்லவில்லை. மகள் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். மேலே ஒலிவ மரத்தடிக்கு ஓடிப் போய்ப் பாட்டியின் கையைப் பிடித்து எதையோ வைத்தாள். நான் கழுதைக்கு வழி விட்டுக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

அன்று ராத்திரி பவுனேயில் சாப்பிட்ட குலுர்ஜோனெஸை அம்மா ஆராய்ந்தது பற்றித் தனி மடலே எழுதலாம். உருளைக்கிழங்கும் ஆட்டுப்பால் சீஸும் புதினாவும் உள்ளே. ஓரத்தைக் கோதுமைக் கதிர் மாதிரி விரலால் மடித்துப் பின்னியிருந்தார்கள். ‘சோமாஸ் மடிக்கிற மாதிரியே மடிச்சிருக்கா பாரு, ஆனா இவ கை நம்ம கையைவிடச் சுத்தம்’ என்று, யாரென்றே தெரியாத ஒரு சமையல்காரம்மாவுக்குச் சான்றிதழ் கொடுத்தார். மூன்று தட்டு வாங்கினோம்.

தோரினோ திரும்பி இரண்டு நாள் கழித்துத்தான் சாமி அலமாரியில் பார்த்தேன். பிள்ளையார் படத்துக்கு முன்னால் வெற்றிலை மாதிரி மடித்த ஒரு துணி, அதன் மேல் அந்த வெள்ளைக் கல், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் குங்குமம்.

‘இது எங்கேருந்தும்மா?’

‘குழந்தை கொண்டாந்து குடுத்தா. பாட்டியால வர முடியல, அதான் கீழ இருந்ததைப் பாட்டிக்கு எடுத்துட்டு வந்தேன்னா. எவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்கு பாரு.’

மகளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன், எதையும் எடுக்கக் கூடாது என்று. ‘எனக்குன்னு எடுக்கலையே’ என்றாள். அவள் நியாயத்தில் அது திருட்டே இல்லை. வர முடியாதவருக்குக் கடற்கரையில் ஒரு பங்கு. இதற்கு என்ன சொல்வது? சட்டத்தின் பெயரைச் சொன்னேன். 2019-இல் ஒரு பிரெஞ்சு ஜோடி, கியா கடற்கரை மணல் 40 கிலோவைப் பிளாஸ்டிக் பாட்டில்களில் அடைத்துக் காரில் வைத்துக்கொண்டு போர்த்தோ தொர்ரெஸில் கப்பல் ஏறப் போய் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். ‘நாப்பது கிலோவும் ஒரு கல்லும் ஒண்ணாப்பா?’

சரி, கணக்குப் போடுவோம் என்று உட்கார்ந்தோம். ஒரு நாளைக்கு 250 பேர். ஆளுக்கு ஒரு கல், இதே 61 கிராம். 15 கிலோ 250 கிராம். நூறு நாள் கோடை என்று வைத்தால் 1525 கிலோ. ஒன்றரை டன். அது 1962-இல் விழுந்த மலைத்துண்டிலிருந்து போகிற கல். கல்லை நெல்லிக்காயாக உருட்டக் கடலுக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேட்டாள். பாட்டி வயசு அளவுக்கு ஆகும்போல என்றேன். அதற்குப் பிறகு அவள் வாதாடவில்லை.

அம்மாதான் அசையவில்லை. சாமியாக வைத்ததை எடுக்கக் கூடாது என்றார். ஜூலை போனது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கல்லுக்குப் பூ. நான் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் 500 முதல் 3000 யூரோ வரை என்னைப் பார்த்துச் சிரித்தது. ஆகஸ்ட் 27 பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை, சுண்டல் எல்லாம் ஆயிற்று. மூன்றாம் நாள் களிமண் பிள்ளையாரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவே அலமாரியைத் திறந்து கல்லை எடுத்து வந்து என் கையில் வைத்தார். ‘பிள்ளையாரைத் தண்ணியிலதான விடணும். இது கடல்லேருந்து வந்தது, வாளியில போட்டா சரிப்படாது. எங்கேருந்து வந்ததோ அங்கேயே கொண்டு போய் விட்ரு.’

செப்டம்பர் முதல் வாரம் அம்மா ஊருக்குக் கிளம்பினார். கல் என்னிடம் இருக்கிறது. குங்குமத்தைக் கழுவிவிட்டேன். ஒரு நுணுக்கமான கீறலில் மட்டும் கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்தும் போகவில்லை. மன்னிக்கவும்.

கல்லை நானே கொண்டுவந்து போட்டுவிடலாம்தான். ஆனால் அதற்கு ஒரு நாள் சீட்டு வாங்க வேண்டும், 250-இல் ஒன்றை ஏற்கெனவே பார்த்தவனான நான் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இனி அந்தச் சீட்டு வேண்டாம். அடுத்த வருடம் வேறு யாராவது நின்று மீன் மங்குவதைப் பார்க்கட்டும். அதனால் தபாலில் அனுப்புகிறேன்.

இப்போது கோரிக்கைகள்.

இந்த மே மாதம் உலகின் 50 சிறந்த கடற்கரைகள் என்ற பட்டியலில் கொலோரிட்சேவுக்கு முதலிடம் கொடுத்தார்கள். நாங்கள் வந்தபோதே ஊரில் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வாழ்த்தச் சொன்னால் எனக்கு வாய் வரவில்லை. முதலிடம் கிடைத்ததும் எண்ணிக்கையைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன, பாதையைக் கொஞ்சம் சீராக்கிப் படிகட்டினால் என்ன என்று உங்களிடம் வந்து நிற்கிறவர்கள் இருப்பார்கள். என் மாதிரி ஆள்களைக் காட்டித்தான் அதைக் கேட்பார்கள்: வயசானவர்கள், மூட்டு வலிக்காரர்கள், அம்மாக்கள். அவர்களுக்கும் உரிமை இல்லையா?

நான் அந்த அம்மாவின் மகன். எங்களுக்காகப் படிகட்ட வேண்டாம். அம்மா அன்று மேலே நாலு மணி நேரம் ஒலிவ மரத்தடியில் உட்கார்ந்திருந்தார், முகம் செதுக்கிய கல்லைப் பார்த்தார், பன்றிக் குட்டிகளை எண்ணினார் (ஏழு), மனைவியோடு சேர்ந்து ரொட்டி தின்றார், தூங்கினார். இழந்ததாக அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீழே போக முடியாதவருக்கு மேலே நல்ல நிழலும் உட்கார ஒரு திண்ணையும் இருந்தால் போதும். செலவு செய்வதானால் அதற்குச் செய்யுங்கள்.

அதேபோல, கூட்டத்தைக் குறைக்க விலையைக் கூட்டுவது என்ற யோசனையும் ஒரு நாள் வரும். நாங்கள் போனபோது ஆளுக்கு 7 யூரோ. ஒரு பீட்ஸாவைவிடக் குறைவு. இதை 70 ஆக்கினாலும் 250 சீட்டும் விற்றுத் தீரும், ஆனால் வருகிறவர்கள் வேறு ஆள்கள். அன்றைக்கு அந்தக் கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு பள்ளி ஆசிரியை, நுவோரோவிலிருந்து வந்த இரண்டு காதலர்கள், கயிறும் கொக்கியுமாக மூன்று செக் நாட்டுப் பையன்கள். காலும் முன்யோசனையும் இருந்தால் போதும் என்கிற இந்தக் கதவு எனக்கு நியாயமாகப் படுகிறது. மூட்டு போனவருக்கு அது அநியாயம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். பணம் போனவருக்கும் சேர்த்து அநியாயம் ஆக்க வேண்டாம்.

உங்கள் தீவிலேயே வேறு வழிகளையும் பார்த்திருக்கிறேன். புதெல்லி தீவின் இளஞ்சிவப்புக் கரையை 1994 முதல் முழுசாக மூடிவிட்டார்கள், படகிலிருந்து பார்க்கலாம், மிதிக்கக் கூடாது. ஸ்திந்தினோவின் லா பெலோசாவில் நாளுக்கு 1500 பேர், துண்டு விரித்தால் மணல் ஒட்டிக்கொண்டு போய்விடும் என்று அடியில் பாய் கட்டாயம். பாய் விரித்து உட்காரச் சொல்லும் சட்டம் என்றதும் அம்மாவுக்கு உங்கள் நாட்டின் மீது மரியாதை கூடிவிட்டது. கொலோரிட்சேவை மூடும் நிலை வர வேண்டாம் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தரைப் பக்கம் 250. கடல் பக்கம்? மோட்டார் படகு கரைக்கு வரக் கூடாது, மிதவைக் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்ற விதி நன்றாக வேலை செய்கிறது, ஒரு படகும் கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் நான் எண்ணியது பதினாலு படகுகள். வருவது, ஒலிபெருக்கியில் மூன்று மொழியில் அகூலியா பற்றி ஒப்பிப்பது, படம் எடுக்க ஐந்து நிமிடம், கிளம்புவது. ஒன்றில் பாட்டும். யாருடைய படகு என்று பார்த்து வைத்துக்கொள்ளவில்லை, அது முக்கியமும் இல்லை. அந்தக் குடா மூன்று பக்கமும் பாறைச் சுவர், கோயில் மண்டபம் மாதிரி. கோட்டுக்கு வெளியே இருமினால் உள்ளே கேட்கிறது. கடல் உங்கள் அதிகாரத்தில் மட்டும் இல்லை, துறைமுகக் காவல் அதிகாரிகளையும் கேட்க வேண்டும் என்பது தெரியும். கேளுங்கள். எண்ணிக்கை வைக்காவிட்டாலும் ஒலிபெருக்கியையாவது நிறுத்தச் சொல்லுங்கள். மேலே பாறையில் எலெனோரா வல்லூறு கூடு கட்டுகிற கரை அது. 1392-இல் உங்கள் அர்போரேயா அரசி எலெனோரா தன் சட்டத் தொகுப்பில் வல்லூறுகளின் கூட்டைத் தொடக் கூடாது என்று எழுதி வைத்தாரே, அவர் பெயரைத்தானே இந்தப் பறவைக்கே வைத்திருக்கிறார்கள். அறுநூறு வருடத்துக்கு முன்னாலேயே பறவைக்குச் சட்டம் போட்ட ஊர்க்காரர்களுக்கு ஒலிபெருக்கி ஒரு பெரிய விஷயமா?

கடைசியாக ஒன்று. சு போர்த்தெட்டுவில், ஏறி வருகிறவர்கள் மூச்சு வாங்க நிற்கிற இடத்தில், ஒரு மரப்பெட்டி வையுங்கள். பக்கத்தில் ஓர் ஆள், குழந்தைகளைப் பார்த்து, பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கட்டும். அதட்டலாக இல்லை, தாத்தா கேட்கிற மாதிரி. பெரியவர்கள் பொய் சொல்வார்கள், குழந்தைகள் காட்டிவிடும். சாயங்காலம் பெட்டியைக் கீழே இறங்கும் யாராவது எடுத்துப் போய்க் கொட்டிவிடலாம். பெட்டியில் ஏதாவது எழுத வேண்டுமென்றால், ‘பாட்டிக்கு என்றாலும் வேண்டாம்’ என்று எழுதலாம். என் மகளின் யோசனை அது.

உங்கள் பக்கத்துக் குடா மரியோலுவுக்கு ஆட்டுக்காரர்கள் வைத்த பழைய பெயர் இஸ்புலிஜெதெனியே என்றும், பனியின் தெள்ளுப்பூச்சிகள் என்று அதற்குப் பொருள் என்றும் கேள்விப்பட்டேன். வெள்ளைக் கல் பொடிகளைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். மரியோலு என்றால் திருடன், மீனவர் வலையிலிருந்து மீனைத் திருடிய கடல்நாயைச் சொன்னது. இப்போது அந்தக் கடல்நாயும் இல்லை, திருடர்கள் மட்டும் கப்பலில் வந்து போகிறோம்.

கல் வரும் பொட்டலத்தில் மகள் ஒரு படமும் வைத்திருக்கிறாள், எடுத்த இடத்தைக் குறித்து. படம் தெளிவாக இல்லை, அதனால் நானும் எழுதிவிடுகிறேன். கடலைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் பாறை வளைவு தெரியும். அந்தப் பக்கமாகக் கரையின் ஓரத்துக்குப் போனால் மேசை மாதிரித் தட்டையான ஒரு பெரிய பாறை, அதன் மேல் நாங்கள் பையை வைத்திருந்தோம். அதிலிருந்து தண்ணீரை நோக்கி அவள் கால் கணக்கில் ஏழு அடி. யாராவது இறங்கும்போது அங்கே போட்டுவிடச் சொல்லுங்கள். தூக்கி எறிய வேண்டாம், வைத்தால் போதும் என்று அம்மா சொல்லச் சொன்னார்.

அபராதச் சீட்டு அனுப்புவதானால் என் பெயருக்கே அனுப்புங்கள். முகவரி பொட்டலத்தின் பின்பக்கம் இருக்கிறது.

தோரினோ
செப்டம்பர் 2025